பைப்பைச் சூடாக்கு, ராடு தானாக ஓடும்!

450 டிகிரி செல்சியஸ். உலோகத்தை உலோகத்தோடு ஒட்டும் தொழிலில் உலகம் ஒத்துக்கொண்டு போட்டிருக்கும் கோடு இது. நடுவே ஓடி ஒட்டவைக்கும் கலவை இந்தக் கோட்டுக்குக் கீழே உருகினால் சால்டரிங். மேலே உருகினால் பிரேசிங். ஐடிஐ தேர்வில் இது இரண்டு மதிப்பெண் கேள்வி. எழுதிவிட்டு எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நீ மறக்காதே தம்பி. தங்கையே, நீயும்தான். இந்தக் கோட்டின் மேல் நின்றுகொண்டு உன்னிடம் கொஞ்சம் சூடாகவே பேசப்போகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். இந்த இரண்டு வேலையிலும் ஒட்டப்படும் உலோகம் உருகுவதே இல்லை. செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். இரும்புக்கு 1500-ஐத் தாண்ட வேண்டும். அவை இரண்டும் அப்படியே நிற்க, இடையில் போகும் கலவை மட்டும் நீராகிப் பரவிப் பிடித்துக்கொள்கிறது. ரேடியோ, டிவி ரிப்பேர் கடைகளில் காலங்காலமாக ஓடிய கம்பி 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும். 183 டிகிரியில் உருகிவிடும். மின்னணுப் பொருள்களில் காரீயம் கூடாது என்று 2006-இல் ஐரோப்பா கதவைச் சாத்திய பிறகு பரவிய வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலந்த கம்பிக்கு 217 வேண்டும். கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் வா. 56 சதவீதம் வெள்ளி கலந்த ராடு 618-இல் இளக ஆரம்பித்து 650-ஐ ஒட்டித்தான் முழுதாக ஓடும். பித்தளை ராடு 900-ஐ நெருங்கினால்தான் மசியும். ஒட்டப்படும் உலோகத்தையே உருக்கிக் கலப்பது வெல்டிங். அது வேறு குடும்பம், அதன் கதை இங்கே வேண்டாம்.

உடனே "அப்படியானால் பிரேசிங்தான் பெரியது, சால்டரிங் சின்னது" என்று முடிவு கட்டாதே. செல்போன் போர்டில் எள்ளைவிடச் சின்னதாக ஒரு ரெசிஸ்டர் உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் 650 டிகிரியைக் காட்டிப் பார், ரெசிஸ்டரும் இருக்காது, போர்டும் இருக்காது. அங்கே 217 டிகிரிக்காரன்தான் ராஜா. சென்னை ரிச்சி தெருவில் பூதக்கண்ணாடியின் கீழே நுனி நடுங்காமல் அயர்ன் பிடிக்கிற பையனின் கை, எந்த டார்ச் பிடித்த கைக்கும் குறைந்ததில்லை. எந்த இணைப்பின் மேல் என்ன பாரம் வரப்போகிறது என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்கிறவன்தான் தொழில்காரன். அதைக் கேட்காமல் கையில் கிடைத்ததை வைத்து ஒட்டுகிறவன் ஒப்பேற்றுகிறவன்.

ஏசி மெஷினை எடுத்துக்கொள். கம்ப்ரஸரிலிருந்து புறப்படும் டிஸ்சார்ஜ் பைப்பைத் தொட்டுப் பார்த்திருக்கிறாயா? தொடாதே, சுட்டுவிடும். ஆர்-410ஏ, ஆர்-32 போன்ற வாயுக்கள் ஓடும் மெஷினில் சித்திரை வெயிலுக்கு அந்தப் பக்கத்து அழுத்தம் 400 பிஎஸ்ஐ-யைத் தாண்டும். கார் டயரில் நாம் அடிக்கிற காற்று 30, 35 பிஎஸ்ஐ. கணக்குப் போட்டுக்கொள். இதோடு கம்ப்ரஸர் ஓடும்போதெல்லாம் உதறல், நிற்கும்போதெல்லாம் குளிர்ச்சி, மறுபடி சூடு. இந்த இடத்தில் ஒருவன் ஈயத்தை வைத்து ஒட்டினால் என்ன ஆகும்? அன்றைக்கே விடாது. அதுதான் அதன் ஏமாற்று. வாடிக்கையாளர் பணம் கொடுப்பார், மெஷின் குளிரும், இவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவான். 183-இல் உருகும் கலவைக்கு 80, 90 டிகிரி என்பதே சோர்ந்துபோகும் சூடு. அந்தச் சூட்டில் பாரம் விடாமல் இழுக்க இழுக்க, கண்ணுக்குத் தெரியாமல் கலவை நகர்ந்துகொண்டே இருக்கும். ஒருநாள் நடுராத்திரி 'உஸ்' என்று எல்லாம் போய்விடும்.

நீயும் இப்படிச் சிலவற்றை ஒட்டிவைத்திருக்கிறாய். சும்மா சொல்லவில்லை, யோசித்துப் பார். நான்கைந்து வீடியோ பார்த்துவிட்டு "இந்த வேலை எனக்கு அத்துப்படி" என்கிறாயே, அது 183 டிகிரி அறிவு. நண்பர்கள் மத்தியில் பேசுவதற்கு அது போதும், தாராளமாகப் பேசு. ஆனால் அதன் மேல் அப்பாவின் மருந்துச் செலவையும் தங்கையின் படிப்பையும் ஏற்றாதே. குடும்பம் உட்காரப்போகிற இணைப்புக்குக் கோட்டைத் தாண்டிய சூடு வேண்டும். வருஷக்கணக்கில் ஒரே வேலையை, கை மரத்துப்போகும் அளவுக்கு, திட்டு வாங்கி, திருத்தி, மறுபடி செய்து ஏற்றிய சூடு. அந்தச் சூட்டுக்குப் பயந்துதான் பாதிப் பேர் பாதியில் ஓடுகிறார்கள். நீ ஓடாதே!

நல்ல மெக்கானிக் ஒருவர் வேலை செய்யும்போது பக்கத்தில் போய் நில். டார்ச்சைக் கொளுத்துவதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிடுகிறார் பார். கட்டரால் பைப்பை நேராக வெட்டுகிறார். உள்ளே மடிந்திருக்கும் பிசிறை ரீமரால் சுரண்டி, பைப்பைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டுகிறார், தூள் உள்ளே போய்விடக் கூடாதே! உப்புத்தாளை எடுத்து முனையைத் தேய்க்கிறார். பழுப்பு நிறம் போய் ரோஜா நிறத்தில் செம்பு பளிச்சிடும்வரை விடமாட்டார். அதன் பிறகு அந்த இடத்தில் விரல் படவிடுவதில்லை. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு ஒன்று போதும், கலவை அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு ஓடும். ஒரு பைப்பின் வாயை ஸ்வேஜ் அடித்து விரித்து, இன்னொன்றை உள்ளே நுழைக்கிறார். அது லொடலொடவென்று போவதில்லை, உரசிக்கொண்டு போகிறது.

பிறகு ஒரு வேலை செய்கிறார். அவசரக்காரர்கள் இதைச் செய்வதே இல்லை. நைட்ரஜன் சிலிண்டரிலிருந்து மெல்லிய ஓட்டத்தைப் பைப்புக்குள் விடுகிறார். எதற்கு? செம்பு செக்கச்செவேலென்று காயும்போது உள்ளே காற்று இருந்தால் உட்சுவரெல்லாம் கறுப்பு ஏடாகப் படியும். வெளியே பார்க்க இணைப்பு ஜோராக இருக்கும். உள்ளே அந்த ஏடு உதிர்ந்து வாயுவோடு பயணம் போய், கேப்பிலரி குழாயின் ஊசிமுனை வாயில் அடைத்து உட்காரும். மெஷின் ஏன் குளிரவில்லை என்று மூன்றாவது ஆள் வந்து தலையைச் சொறிவார். நைட்ரஜன் விட்டாரா இல்லையா என்பது வாடிக்கையாளருக்குத் தெரியவே தெரியாது. பில்லில் அதற்கென்று ஒரு வரிகூட எழுதுவதில்லை. தெரியாத இடத்தில்தான் அவர் விடுகிறார். தன்னம்பிக்கை எங்கே கிடைக்கும் என்று என்னைக் கேட்கிறாயே, அந்த நைட்ரஜன் வால்வைத் திறக்கிற விரலில் கிடைக்கும். உள்பக்கம் சுத்தம் என்று தனக்குத் தெரிந்த ஒருவனைக் குறுக்குக் கேள்வி கேட்டு யாரும் நடுங்கவைக்க முடியாது.

இப்போது டார்ச். கவனி, தீ ராடின் மேல் படவில்லை! ராடு அவருடைய இடது கையில் சும்மா காத்திருக்கிறது. தீ பைப்பின் மேல் போகிறது. முதலில் உள்ளே நுழைந்த பைப்பு, அப்புறம் மேலே மூடியிருக்கும் வாய், ஒரே இடத்தில் நிற்காமல் சுற்றிச் சுற்றி. செம்பு மங்கிச் சிவக்கும்வரை பொறுமை. சிவந்ததும் ராடின் நுனியை இணைப்பின் வாயில் தொடுகிறார். தீயால் உருகவில்லை, பைப்பின் சூட்டால் உருகுகிறது. உருகிய மாத்திரத்தில் கலவை காணாமல் போகிறது. எங்கே போனது? அந்தச் சன்னமான இடுக்குக்குள் இழுத்துக்கொள்ளப்பட்டுவிட்டது. கலவை சூட்டை நோக்கித்தான் ஓடும். பைப்பு தலைகீழாக இருந்தாலும் சரி, மேல்நோக்கிக்கூட ஏறும்.

கற்றுக்குட்டி என்ன செய்வான் தெரியுமா? ராடைச் சூடாக்குவான். பைப்பு குளிர்ந்து கிடக்கும், தீ ராடின் மேல். ராடு உருகும், சொட்டும், பைப்பின் மேல் உருண்டையாக உட்காரும். பார்வைக்குக் குண்டாக, பளபளப்பாக, பலமாக இருப்பதுபோல இருக்கும். ஒரு தட்டு தட்டினால் கழன்று கீழே விழும். டிவி மெக்கானிக்குகள் இதன் தம்பியை 'டிரை சால்டர்' என்பார்கள். ஒட்டின மாதிரியும் இருக்கும், ஒட்டாத மாதிரியும் இருக்கும். தட்டினால் படம் வரும், விட்டால் போய்விடும்.

இங்கே என் இனத்தையே கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன். என்னைப் போல எழுதுகிறவர்களும், மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு "உன்னால் முடியும்" என்று தொண்டை கிழியக் கத்துகிறவர்களும் பெரும்பாலும் செய்வது ராடைச் சூடாக்கும் வேலைதான். அரங்கில் நீ உருகுகிறாய், கைதட்டுகிறாய், கண்ணில் நீர்கூட வருகிறது. திங்கட்கிழமை காலை முதலாளி ஒரு அதட்டுப் போட்டதும் உருண்டை கழன்று விழுகிறது. தப்பு உன்னுடையது இல்லை, அடியில் இருக்கிற உலோகம் சூடாகவே இல்லை! சான்றிதழ், சிபாரிசு, வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு வரும் பொன்மொழி எல்லாம் ராடு. நல்ல ராடாகவே இருக்கட்டும். கை காய வேண்டும், மூளை காய வேண்டும், தூக்கம் கெட வேண்டும். அப்போது ராடு தானாக உள்ளே ஓடும். ஆகவே, இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு "சூப்பர் சார்" என்று சொல்லிவிட்டுப் போகாதே. எனக்கு அது வேண்டாம்.

இடுக்கு என்று சொன்னேன் அல்லவா, அதில் ஒரு விந்தை இருக்கிறது. வெள்ளி ராடு வேலைக்கு நல்ல இடுக்கு என்பது 0.05-இலிருந்து 0.12 மில்லிமீட்டர்வரை. நாம் எழுதும் ஏ4 தாளின் கனமே சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். இடுக்கு இப்படிச் சன்னமாக இருக்கும்போது, இணைப்பு அந்தக் கலவையைவிடவே பலமாகிவிடும். தனியாக இழுத்தால் அறுந்துபோகிற கலவை, இரண்டு உறுதியான சுவர்களுக்கு நடுவே மெல்லிய ஏடாக மாட்டிக்கொண்டால் நீளவும் முடியாது, மெலியவும் முடியாது. அதனால் தாங்கும். இடுக்கு அகலமானால் அந்தப் பலம் போயே போய்விடும். அதை நிரப்ப எத்தனை ராடு உருக்கினாலும் ராடு வாங்கிய காசுதான் தண்டம். உனக்கும் வேலைக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைப் பேச்சால் நிரப்பப் பார்க்காதே. நெருங்கிப் போ. உரசட்டும்!

இப்போது நான் சொல்லவந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கிராமத்துப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு நகரத்துக் கம்பெனிக்குள் நுழையும் பிள்ளைகள் பலரிடம் ஒரு பயத்தைப் பார்க்கிறேன். "இங்கே ஒட்ட வேண்டுமென்றால் நான் முழுசா உருகணும் போலிருக்கே. என் பேச்சை மாத்தணும், நடையை மாத்தணும், ஊர்ப்பேரைச் சொல்லக்கூடாது..." என்கிறார்கள். யார் சொன்னது?

இங்கிலாந்தின் பர்மிங்காமில் ரெனால்ட்ஸ் என்ற நிறுவனம் 1935-இல் 531 என்ற சைக்கிள் குழாயைக் கொண்டுவந்தது. மாங்கனீஸும் மாலிப்டினமும் கலந்த எஃகு. முனைகளில் கனமாகவும் நடுவில் சன்னமாகவும் குழாய் இழுக்கும் வித்தைக்கு அவர்கள் 1897-இலேயே காப்புரிமை வாங்கியிருந்தார்கள். பந்தயச் சைக்கிள் உலகம் பல பத்தாண்டுகள் அந்தக் குழாயின் மேல்தான் ஓடியது. டூர் டி பிரான்ஸ் ஜெயித்த பல சைக்கிள்கள் அதில் செய்தவை. அந்தக் குழாயை எப்படிச் சேர்த்தார்கள்? வெல்டிங் வைத்தால் அந்தச் சன்ன எஃகு சூட்டில் தன் முறுக்கை இழந்து நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். அதனால் மூலைக்கு மூலை ஒரு கூடு வைத்து, குழாயை அதில் செருகி, பித்தளையாலோ வெள்ளிக் கலவையாலோ பிரேசிங் செய்தார்கள். குழாய் உருகவில்லை. அதன் குணம் மாறவில்லை. மலையேறும் சைக்கிளின் பாரம் முழுவதையும் சுமந்தது. நம் அப்பாக்கள் ஓட்டிய கறுப்பு சைக்கிளின் ஹேண்டில்பாருக்குக் கீழே, குழாய்கள் கூடும் இடத்தில் கூடு மாதிரி ஒன்று தெரியுமே, அந்த வேலையும் இதே சாதிதான்.

நீ உருக வேண்டியதில்லை. உன் தமிழ் உருக வேண்டியதில்லை. நடுவே ஓடுகிற கலவையைச் சம்பாதித்துக்கொள். ஆங்கிலம், கம்ப்யூட்டர், நேரத்துக்கு வருவது, படம் பார்த்து அளவு புரிந்துகொள்வது, எதுவாக இருந்தாலும். அது உருகி ஓடட்டும். நீ சிவக்கச் சிவக்கக் காய்ந்து, உன் உருவத்தில் அப்படியே நில்!

"நானும் அவர்களும் வேறு வேறு ஜாதி உலோகம் சார்" என்று சொல்லப்போகிறாய். அதற்கும் பதில் லேத் பட்டறையில் இருக்கிறது. கடைசல் டூலின் முனையில் கறுப்பாக ஒரு கார்பைடு துண்டு ஒட்டியிருக்கும். அடியில் சாதாரண எஃகு. சூடானால் எஃகு விரிவதில் ஏறக்குறைய பாதிதான் கார்பைடு விரியும். நேராகச் சேர்த்தால் ஆறும்போது எஃகு சுருங்கிச் சுருங்கிக் கார்பைடைக் கீறிவிடும். இதற்கென்றே மூன்று அடுக்குத் தகடு ஒன்று விற்கிறார்கள். மேலும் கீழும் வெள்ளிக் கலவை, நடுவில் செம்பு. வெள்ளிக் கலவை இரண்டு பக்கமும் உருகிப் பிடித்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் செம்பு உருகாமல் இருந்து, இரண்டு பேரின் இழுபறியையும் தான் நெளிந்து வாங்கிக்கொள்ளும். வேறு வேறு உலோகமாக இருப்பது தடையே இல்லை. நடுவில் எதை வைப்பது என்று தெரியாததுதான் தடை. தெரியாமல் வைத்தால் நல்ல ராடே எதிரியாகும். செம்புக்குச் செம்பு ஒட்டும்போது ஃபிளக்ஸ்கூட வேண்டாம் என்று சொல்லும் பாஸ்பரஸ் ராடை இரும்பில் கொண்டுபோய் வைத்துப் பார், கண்ணாடி மாதிரி முறிந்துவிடும். பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பலித்த வழி உனக்கும் பலிக்கும் என்று குருட்டுத்தனமாக நம்பாதே.

புகையைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஒரு காலத்தில் நகைக்கடைப் பலகைகளில் 'கேடிஎம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள், பார்த்திருப்பாய். தங்கத்தில் பற்று வைப்பதும் 450-க்கு மேல் நடக்கும் வேலைதான். பழைய பற்றில் செம்பு நிறையக் கலந்திருந்ததால் நகையை உருக்கினால் மாற்றுக் குறைந்தது. தங்கத்தோடு கொஞ்சம் கேட்மியம் கலந்த பற்று வந்ததும் மாற்று நின்றது, பற்றும் சுலபமாக ஓடியது. வாங்குகிறவருக்குக் கொண்டாட்டம். ஆனால் கேட்மியம் 767 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். ஊதுகுழலுக்கு மேலே குனிந்திருந்த ஆசாரியின் நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் அது நேராகப் போனது. இன்றைய ஹால்மார்க் நகையில் கேட்மியத்துக்கு இடமில்லை. அது வெளியேறும்வரை புகையைக் குடித்தவர்கள் யார் என்று எந்த நகைப் பெட்டியிலும் எழுதவில்லை.

தொழிலில் கெட்டிக்காரன் ஆவதென்றால் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வது என்று நினைக்காதே. பித்தளை ராடைக் கொஞ்சம் அதிகமாகக் காய்ச்சினால் துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பும்; மூடிய அறையில் அதை முகர்ந்தால் அன்றிரவே குளிர் ஜுரம் வரும். "ஜன்னலைத் திறங்க அண்ணே, எக்ஸாஸ்ட் போடுங்க, மாஸ்க் வாங்கிக் கொடுங்க" என்று கேள். கேட்கத் தொண்டை அடைக்கிறதா? அங்கேதான் உன் தைரியத்தைக் காட்ட வேண்டும். சூட்டைத் தாங்குவது வேறு, விஷத்தைக் குடிப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி உன்னிடம் விற்கிறவன் உன் முதலாளியாக இருந்தாலும் சரி, முகத்தைப் பார்த்துச் சொல்.

அப்புறம், "பைப்பு ஒட்டுகிற வேலை" என்று யாராவது இளக்காரமாகச் சொன்னால் அவர்களுக்கு இதைச் சொல். மனிதனை நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன்-5 ராக்கெட்டின் அடியில் ஐந்து எஃப்-1 எஞ்சின்கள் இருந்தன. அந்த எஞ்சினின் தீச்சுவர் ஒரே தகடால் ஆனது இல்லை. மேல்பகுதியில் மட்டும் 178 நிக்கல் கலவைக் குழாய்களை நெருக்கி அடுக்கி, உலைக்குள் வைத்துப் பிரேசிங் செய்தது. உள்ளே 3000 டிகிரியைத் தாண்டிய தீ. குழாய்களுக்குள் குளிர்ந்த மண்ணெண்ணெய் ஓட்டம். நடுவே அந்த இணைப்புகள். சாட்டர்ன்-5 பறந்தது 13 முறை, மொத்தம் 65 எஞ்சின்கள். பறக்கும்போது அவற்றில் ஒன்றுகூடப் பழுதாகவில்லை. அங்கேயும் சுத்தம், இடுக்கு, சூடு. உன் மேஜையில் இருக்கிற அதே மூன்றுதான், கொசுறாக எதுவும் கிடையாது.

சரி, போதும் பேச்சு. நாளை பட்டறைக்குப் போனதும் கழிவுப் பெட்டியிலிருந்து இரண்டு பைப் துண்டுகளை எடு. நீ வழக்கமாக எப்படிச் செய்வாயோ அப்படியே பற்று வை. ஆறவிடு. வைஸில் பிடித்து ஹேக்ஸாவால் நீளவாக்கில் இரண்டாக அறு. வெளியே எத்தனை அழகாக இருந்தது என்பதை விடு. உள்ளே கலவை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார். பாதி தூரம்தான் போயிருந்தால் யாரிடமும் சொல்ல வேண்டாம், வருத்தப்படவும் வேண்டாம். இன்னும் இரண்டு துண்டு எடு, உப்புத்தாளை எடு, டார்ச்சை ராடிலிருந்து விலக்கிப் பைப்பின் மேல் திருப்பு. அடுத்த நாளும் அறு. அதற்கடுத்த நாளும் அறு. என்றைக்கு அந்தக் கலவை ஒரு ஊசிமுனை இடம்கூட விடாமல் கடைசிவரை ஓடியிருக்கிறதோ, அன்றைக்கு அந்த அறுத்த துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முதலாளியின் மேஜைக்குப் போ. துண்டை அவர் முன்னால் வை. உட்கார்ந்து, உன் சம்பளத்தைப் பற்றிப் பேசு.